ஏழு நிமிஷ இரைச்சல்

நாமகிரிப்பேட்டை
17-11-1988

சிரஞ்சீவி தங்கமுத்துவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் போன வாரம் கன்று ஈன்ற மயிலைப் பசுவும் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே சிங்கப்பூரில் சுகமாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன், உன் கடிதங்களில் உன் உடம்பைப் பற்றி ஒரு வரியும் பாட்டுப்பெட்டிச் சத்தத்தைப் பற்றி மூன்று பக்கமும் வருவதால் அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மஞ்சள் இந்த வருஷம் இலை நன்றாக விரிந்திருக்கிறது, ஆனால் ஐப்பசி மழை சேர்ந்தாற்போல் இரண்டு நாள் பெய்து மஞ்சள் போட்ட வடக்குக் காட்டில் தண்ணீர் தேங்கிவிட்டது, ஆள் விட்டு வடிகால் வெட்டியிருக்கிறேன், கிழங்கு அழுகுமோ என்று பயம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நீ அனுப்பிய தைலத்தால் வலி குறைந்ததா என்று கேட்டால் வாசனை நன்றாக இருக்கிறது என்கிறாள். தீபாவளி முடிந்ததிலிருந்து இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன், இந்தத் தடவை கிழிப்பதில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் சிநேகிதர்கள் கூடியிருக்கும்போது இதைப் பிரிக்காதே, தனியாக இருக்கும்போது படி. விஷயம் இதுதான், நம் பாப்பா, உன் தங்கை சௌந்திரத்தின் படிப்பு நின்றுபோய்விட்டது. ஆசிரியர் பயிற்சியில் ஒரு வருஷம் முடித்து இன்னும் ஒரே ஒரு வருஷம் பாக்கி இருந்தது, அது இனி நடக்காது. நடத்தி வைத்திருக்கக் கூடியவன் நீ. நடக்காமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் நீ அனுப்பிய டிஸ்க் பிளேயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த கடிதத்திலும் அதைத்தான் கேட்பாய். புரட்டாசியில் லீவில் வந்த உன் திருச்செங்கோட்டுச் சிநேகிதர் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். பீரோ மேல் வைத்து அம்மா அதற்குப் பூப்போட்ட துணி ஒன்று மூடியிருக்கிறாள். மைக் செட் சுப்பையன்தான் வந்து ஒயர் மாட்டிக் கொடுத்தார். நாற்பது வருஷமாக எனக்குச் சிநேகிதர், இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் குழாய் கட்டாத கல்யாணமும் கோயில் நோன்பியும் கிடையாது என்று உனக்குத் தெரியும், அப்படிப்பட்டவர் நீ அதோடு அனுப்பிய வயலின் தட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வில்லை நரம்பில் வைப்பதற்கு முன்னால் வித்வான் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பொய் சொல்லக்கூடாதுங்க, நான் தலைகீழா நின்னாலும் இப்படி ஒரு சத்தம் என் குழாயில வராதுங்க என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கமெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, மைக் சொருகுகிற இடத்தைக் காணோமே, இதில் கேட்கத்தான் முடியும், பேச முடியாது போலிருக்கிறதே என்றார். எனக்கு அது ஒரு குறையாக அன்றைக்குத் தோன்றவில்லை. நீங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை கூடி, ஒருவர் வீட்டுக் குழந்தை முதல்முதலாகப் பேசியது, ஒருவர் ஊர்த் தேரோட்டம், ஒருவர் அக்கா வீட்டு வளைகாப்பு என்று ஊரிலிருந்து வரும் கேசட்டுகளைப் போட்டுக் கேட்பதாகவும், கேட்டு முடித்ததும் டிஜிட்டல் உசத்தியா பழைய டேப் உசத்தியா என்று சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் சண்டை போடுவதாகவும் நீ எழுதியபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. நானும் சுப்பையனும் இங்கே சாயங்காலம் அதைத்தானே செய்துகொண்டிருந்தோம். நீ பேசி அனுப்பிய கேசட்டுகளில் உனக்குப் பின்னால் ஏதாவது வண்டி போனால், அது பஸ்ஸா லாரியா என்று நாங்கள் இரண்டு பேரும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டு வாதாடுவோம். போன வருஷத்தோடு நீ பேசி அனுப்புவதையே நிறுத்திவிட்டாய். கேசட்டில் உன் குரல் கரகரவென்று வருகிறதாம், உனக்கே கேட்கப் பிடிக்கவில்லையாம். எங்களுக்குப் பிடித்திருந்ததா என்று நீ கேட்கவேயில்லை.

வைகாசியில் நடந்த பாப்பா கல்யாணத்தை நீ மறந்திருக்க மாட்டாய், வரவில்லை என்றாலும். மாப்பிள்ளை வேலுமணி சேலத்தில் உன்னோடு நாலு வருஷம் ஒரே அறையில் தங்கிப் படித்தவன், அவனைப் போல ஒருவன் கிடைக்க மாட்டான் என்று நீ எழுதிய ஒரே வார்த்தைக்காகத்தான் நான் சரி என்றேன். பாப்பா ஒரு வருஷம் பொறுக்கச் சொன்னாள், படிப்பை முடித்துவிட்டுக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். நான்தான் அவள் வாயை அடைத்தேன். போவது அண்ணனுடைய சிநேகிதன் வீடு, சேலம் அஸ்தம்பட்டியில் அவர்கள் வீட்டிலிருந்து பயிற்சிப் பள்ளிக்கு ஒரே டவுன் பஸ், ஹாஸ்டலில் கிடந்து படிப்பதற்கு அங்கே வீட்டில் இருந்தே படிக்கலாம் என்றேன். சம்பந்தி வீட்டிலும் அப்போது தலையை ஆட்டினார்கள். கல்யாணத்துக்கு நீ வருவாய் என்று முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வரைக்கும் அம்மா உனக்கென்று எடுத்த பட்டு வேட்டியை மடித்து வைத்துக்கொண்டு இருந்தாள். கம்பெனியில் புது மெஷின் ஓட்டத் தொடங்கும் வாரம், நகர முடியாது என்று தந்தி வந்தது. நாலு மணி நேரத்தில் மெட்ராஸில் வந்து இறங்கலாம் என்று நீதான் முன்பு பெருமையாகச் சொன்னாய். மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து கைகோர்ப்பதற்கு மச்சான் வேண்டுமே, உன் சித்தப்பா மகன் சின்னுசாமியை உட்கார வைத்தோம். அவன் சட்டையைச் சரி செய்துகொண்டு போட்டோவுக்குச் சிரித்தான். அம்மா எழுந்து பந்தி நடக்கிற பக்கம் போய்விட்டாள். அவள் அழுதாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

உனக்கு அனுப்புவதற்காகக் கல்யாணத்தை முழுக்க சுப்பையன் பதிந்தார், காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மேளம், வாழ்த்து, தாலி கட்டும்போது போட்ட கெட்டிமேளம், பிறகு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து உன்னைத் திட்டியது எல்லாம் பதிந்து, இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மூன்றாம் நாள் மறுவீட்டுக்கு வந்தபோது, அந்த மிச்சத்தில் நான் அண்ணனோடு பேச வேண்டும் என்று பாப்பா கேட்டாள். கூடத்தில் அவள் வீட்டுக்காரர் பக்கத்துப் பெண்கள் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் சுப்பையன் மெஷினை மஞ்சள் மூட்டை போடும் அறையில் கொண்டுபோய் வைத்து, பொத்தானை அமுக்கிக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கூடத்துக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அவள் மெதுவாகவே பேசியிருக்க வேண்டும், கதவுக்கு வெளியே நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்ன பேசினாய் என்று கேட்டேன், அது எனக்கும் அண்ணனுக்கும் என்று சொல்லிவிட்டாள். சரி, அண்ணனும் தங்கையும் என்று விட்டுவிட்டேன். சுப்பையன், இன்னொரு மெஷின் கெங்கவல்லி நோன்பிக்குப் போயிருக்கிறது, இரண்டு நாள் பொறுத்தால் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றார். நீ காத்துக்கொண்டு இருப்பாய் என்று நான் அவசரப்பட்டேன். மறுநாளே பார்சல் கட்டி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன்.

ஆடி மாதம் வழக்கப்படி பாப்பாவை அழைத்து வந்தோம். வந்த நாளிலிருந்து காலை பதினோரு மணி ஆனால் வாசலுக்குப் போய்விடுவாள். தபால்காரருடைய சைக்கிள் நம் வீட்டைத் தாண்டிப் போகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு உள்ளே வருவாள். அண்ணன் நினைப்பு என்று நான் கேலி செய்தேன், புருஷன் கடிதத்தை எதிர்பார்க்கிறாள் என்று அம்மா கேலி செய்தாள். ஜூலை இருபத்தாறாம் தேதி உன் கடிதம் வந்தது. என் கைக்கு வருவதற்கு முன்னால் அவள் வாங்கிப் பிரித்து நின்றபடியே படித்தாள். அதில் நீ என்ன எழுதியிருந்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கல்யாணக் கேசட்டை நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் முழுக்கக் கேட்டோம் என்று முதல் வரி. அதற்குப் பிறகு, மேளச் சத்தம் உடைகிறது, மைக்கைக் கிட்டே வைத்துவிட்டார்கள், டேப் மட்டமான டேப், பின்னால் ஓயாமல் உஸ்ஸென்று இரைச்சல் என்று மூன்று பக்கம். பாப்பா அதை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, ஊற வைத்த துணி இருக்கிறது என்று கிணற்றடிக்குப் போனாள். நான் உள்ளே வந்து அதை வாய்விட்டுப் படித்தேன், நானும் அம்மாவும் சிரித்தோம். மறுநாளிலிருந்து அவள் வாசலுக்குப் போகவில்லை. அது எதனால் என்று எனக்கு உறைக்கவில்லை. ஜூலை முப்பதாம் தேதி பயிற்சிப் பள்ளியில் திரும்பிச் சேர வேண்டிய கடைசி நாள் என்பதும் எனக்குத் தெரியாது. படிப்பு என்ன ஆயிற்று என்று நடுவில் ஒருநாள் கேட்டேன், பார்க்கலாமுங்க என்றாள், நானும் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அந்த டிஸ்க் பிளேயரோடு கல்யாணக் கேசட்டின் புதுக் காப்பி ஒன்றும் வந்தது. சத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அதை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அடைத்துவிடுகிற கருவி ஒன்று உன் சிநேகிதரிடம் இருந்தது என்றும், அதில் விட்டு வடிகட்டி டிஜிட்டல் டேப்பில் ஏற்றி, அதிலிருந்து எங்களுக்காக மறுபடி கேசட்டில் இறக்கி அனுப்புவதாகவும், கடைசியில் ஏழு நிமிஷம் வெறும் இரைச்சலாக இருந்ததால் அது தானாகவே போய்விட்டது என்றும், பழைய கேசட்டைப் போட்டால் மெஷினின் ஹெட் கெட்டுவிடும் என்று தூக்கிப் போட்டுவிட்டதாகவும் அதோடு வந்த கடிதத்தில் எழுதியிருந்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? மண்டிக்குப் போனால் மண்டியில், டீக்கடைக்குப் போனால் டீக்கடையில், என் மகன் கல்யாணத்தையே கழுவித் துடைத்து அனுப்பியிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தலை தீபாவளிக்குப் பாப்பாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். இரண்டாம் நாள் வேலுமணி சின்னுசாமியோடு வெளியே போயிருந்தான், சுப்பையன் பலகாரம் சாப்பிட வந்தார், சரி கேளுங்கள் என்று உன் புதுக் காப்பியைப் போட்டேன். மேளம் உடையாமல் வந்தது, தனியாகத் தாளம் எண்ணலாம் போல இருந்தது, அதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒருவர் பேசி முடித்து இன்னொருவர் தொடங்குவதற்கு நடுவில் ஒன்றுமே இல்லை. பந்திச் சத்தம் இல்லை, குழந்தை அழுகை இல்லை. பேச்சு நின்றதும் ஆளில்லாத ஊடு மாதிரி ஆயிடுதுங்களே என்றார். இரண்டாம் பக்கம் ஓடி உன் பெரியமாமன் திட்டியதோடு முடிந்தது, மிச்ச டேப் சும்மா சுற்றியது. அவர் காதைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏனுங்க, பாப்பா பேசுனது எங்கீங்க? நாந்தானுங்களே பொத்தானை அமுக்கிக் குடுத்தேன்.”

பாப்பா தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டு இருந்தாள். நான் உன் கடிதத்தை எடுத்து வந்து அந்த ஏழு நிமிஷ வரியை அவருக்காகத்தான் படித்தேன், படித்து முடித்த பிறகுதான் அந்த இரைச்சல் பாப்பாவின் குரல் என்று எனக்கே புரிந்தது. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சுப்பையனும் எழுந்து சட்டென்று கிளம்பிவிட்டார், வைத்த பலகாரம் வைத்தபடியே இருந்தது.

அவர்கள் திரும்பும்போது வேலுமணி ஸ்கூட்டரில் முன்னால் போய்விட்டான், கூடைகளோடு நானும் பாப்பாவும் பஸ்ஸில் போனோம். ராசிபுரம் தாண்டுகிற வரைக்கும் அவள் கூடைகளைச் சரிசெய்துகொண்டே வந்தாள். இன்னொரு கேசட் வாங்கித் தருகிறேன், அண்ணனுக்கு மறுபடி பேசி அனுப்பு என்றேன். சொன்னதையே திருப்பிச் சொல்ல நான் என்ன கேசட்டுங்களா என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள். கல்யாணமான மறுநாளே அவள் மாமியார், மருமகள் வேலைக்குப் போய்த்தான் இந்த வீட்டில் உலை வைக்க வேண்டுமா, படித்தது போதும் என்று சொல்லிவிட்டாராம். வேலுமணியிடம் கேட்டதற்கு, உன் அண்ணன் எனக்கு ஒரு வரி எழுதட்டும், அதைக் காட்டி அம்மாவிடம் பேசுகிறேன் என்றானாம். அதைத்தான் அவள் அந்த மூட்டை அறையில் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். ஜூலை முப்பதுக்குள் சேர வேண்டும், ஒரே ஒரு வரி எழுது அண்ணா என்று. அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்ககிட்டக் கல்யாணத்துக்கு முந்தியே சொன்னனுங்களே என்றாள். அதற்கு மேல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அஸ்தம்பட்டியில் வேலுமணியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். அவனைக் குற்றம் சொல்லலாம் என்று போனேன், சொல்ல முடியவில்லை. உன் கடிதம் வரும் என்று அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தானாம். பெண்ணின் அண்ணனுக்கே இஷ்டமில்லை என்றால் நான் எதற்கு எங்கம்மாவோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று விட்டுவிட்டானாம். நீ பேசாமல் இருந்ததை ஆளுக்கொரு பதிலாக எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் பயிற்சிப் பள்ளிக்கும் போனேன். அவள் இடத்தை ஆகஸ்டிலேயே வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள், இனிச் சேருவதென்றால் அடுத்த வருஷம் முதலிலிருந்து இரண்டு வருஷம் என்றார்கள். அந்தப் பேச்சுக்கும் இடமில்லை, பாப்பாவுக்கு இது மூன்றாம் மாதம், நீ மாமன் ஆகப் போகிறாய். இதை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும், மனம் வரவில்லை. நான் கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தாள். அண்ணன் வேண்டுமென்று செய்யவில்லை அம்மணி, அவன் காதில் விழவேயில்லை என்று உனக்காகத்தான் பேசினேன். அவள் கேட்டின் கொண்டியைப் போட்டுக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கேட்டுட்டு முடியாதுன்னு அண்ணன் உட்டுருச்சுன்னுதானுங்கப்பா இத்தன நாளா நெனச்சுட்டு இருந்தேன். அதே பரவால்லீங்க.”

உன் அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை, படிப்பு நின்றது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். நீயும் எழுதிவிடாதே. அந்த டிஸ்க் பிளேயரைத் துணி போட்டு மூடியது மூடியபடி வைத்திருக்கிறோம், சுப்பையன் இப்போது சாயங்காலம் வந்தால் வெளியே உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார். புதிய தட்டுகள் அனுப்புவதாக எழுதியிருந்தாய், அனுப்ப வேண்டாம். உனக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும், கெட்ட எண்ணம் இருந்தால் திட்டிவிட்டு ஆறிப்போகலாம். சுத்தமாகக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டாய், யார் பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. நான் மட்டும் என்ன, எனக்குக் கேட்கிற சத்தத்திலேயே அவள் சொன்னாள், நானும் கேட்கவில்லை. அதனால் உன்னைத் திட்டி எழுதிய மூன்று கடிதங்களையும் கிழித்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, அம்மா கேட்ட போட்டோவை அனுப்பு. நாமகிரி அம்மன் அருளால் தீர்க்காயுசோடு இரு என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. பாப்பாவுக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுது, சத்தத்தைப் பற்றி ஒரு வரி இருக்கக் கூடாது, அன்றைக்கு நீ என்ன சொன்னாய் அம்மணி என்று மட்டும் கேட்டு எழுது. அவள் பதில் போடுவாளா என்று எனக்குத் தெரியாது. போடாவிட்டால் தபால் வரும் நேரத்துக்கு பத்து நாள் உன் வீட்டு வாசலில் வந்து நின்று பார். ஆடி மாதம் அவள் அப்படித்தான் நின்றாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
குமாரசாமி